வண்டிக்கு வண்டி பேசவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

வண்டிகள் தங்கள் இடம், வேகம், திசையை ரேடியோவில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை இது. போலிச் செய்தி நுழையாதபடி ஒவ்வொன்றிலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும், கையொப்பமிட்டவருக்கு அதற்கான தகுதி உண்டு என்பதைச் சான்றிதழ் சொல்லும். சோதனைத் தடத்தில் அப்படி இரண்டு வண்டிகள் பத்து மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஒன்றின் திரையில் மற்றொன்று தெரியவில்லை. அந்த நிமிடத்தில் பெரும்பாலும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கையொப்பச் சரிபார்ப்பை அணைத்துப் பார்ப்பது. அணைத்ததும் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். அப்போ செக்யூரிட்டியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, சாவிகளையும் சான்றிதழ்களையும் நோண்டத் தொடங்குவோம். இரண்டு நாள் போகும். கடைசியில் பார்த்தால் கடிகாரம் தப்பாக ஓடிக்கொண்டிருக்கும்.

நானும் அந்த இரண்டு நாளைத் தொலைத்தவன்தான். அதனால் இந்த வழிமுறையில் சரிபார்ப்பை அணைக்கும் படி எங்குமே கிடையாது. அணைத்தால் கோளாறு எந்த இடத்தில் என்று தெரியாது, மறைந்துதான் போகும். தவிர, அணைத்ததைத் திரும்பப் போட மறந்த ஃபர்ம்வேர் வண்டியில் ஏறிவிட்டால் அது வேறு கதை.

கை வைக்கும் முன் நான்கு எண்ணிகளைத் திரையில் கொண்டுவந்து விடுங்கள். ரேடியோ பிழையில்லாமல் வாங்கிய பாக்கெட் எத்தனை, ரவுட்டிங் அடுக்கு (பாக்கெட் யாருக்கு, எந்த வழியாக என்று பார்க்கும் பகுதி) ஏற்றது எத்தனை, பாதுகாப்பு அடுக்கு தேர்ச்சி என்று சொன்னது எத்தனை, மேலே இருக்கும் செயலி பார்த்தது எத்தனை. எந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் பள்ளம் விழுகிறதோ, அங்கேதான் வேலை. பாதுகாப்பு அடுக்கு நிராகரிக்கும்போது அதற்கான காரணம் தனித்தனியாக எண்ணப்பட வேண்டும்: கையொப்பம் பொருந்தவில்லை, செய்தி பழையது, செய்தி எதிர்காலத்திலிருந்து வருகிறது, சான்றிதழ் தெரியவில்லை, இந்தச் சேவைக்கு அனுமதி இல்லை, இடம் எல்லைக்கு வெளியே. ஆறையும் சேர்த்து ‘சரிபார்ப்பு தோல்வி’ என்று ஒரே வரியில் எழுதும் மென்பொருள் உங்களிடம் இருந்தால், முதலில் அதைத் திருத்துங்கள். அந்த அரை நாள் வேலை பிறகு பல நாளை மிச்சப்படுத்தும்.

எதுவுமே கேட்கவில்லை

முதல் எண்ணியே பூஜ்யம். அப்படியானால் சேனல் எவ்வளவு நேரம் பிஸியாக இருக்கிறது என்ற விகிதத்தைப் பாருங்கள். பக்கத்து வண்டி அனுப்பும்போது அந்த விகிதம் துளியும் அசையவில்லை என்றால் ஆண்டெனா, கேபிள், சேனல் எண் ஆகிய மூன்றில் ஒன்று. அசைகிறது, ஆனால் ஒரு பாக்கெட்கூடப் பிரியவில்லை என்றால் ஆற்றல் வந்து சேர்கிறது, மொழி புரியவில்லை என்று அர்த்தம்.

மொழி புரியாததற்கு நான் அதிகம் பார்த்த காரணம் சேனல் அகலம். வாகனங்களுக்கான வைஃபை 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடுகிறது. சாதாரண வைஃபை சிப்பை வைத்துச் செய்த யூனிட் பழக்கதோஷத்தில் 20-இல் எழுந்து நிற்கும். அடுத்த காரணம், ஒன்று டிஎஸ்ஆர்சி யூனிட் (மேலே சொன்ன வாகன வைஃபை), மற்றது செல்லுலார் வகை யூனிட் (கைபேசி வலை நுட்பத்தில் பேசுவது). இரண்டும் 5.9 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்று பேசுவது மற்றதுக்கு வெறும் இரைச்சல். இதை எந்த அமைப்பு மாற்றத்தாலும் சரிசெய்ய முடியாது.

சேனல் எண்ணை அதிர்வெண்ணாக மாற்ற ஒரு சுலபக் கணக்கு உண்டு: எண்ணை 5-ஆல் பெருக்கி 5000-ஐக் கூட்டினால் மெகாஹெர்ட்ஸ். ஐடிஎஸ்-ஜி5 எனப்படும் ஐரோப்பிய வாகன வைஃபை யூனிட்கள் 180-இல், அதாவது 5900-இல் பேசும். பழைய அமெரிக்க யூனிட்கள் பாதுகாப்புச் செய்திகளை 172-இல், 5860-இல் அனுப்பின. 2020-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் வாகனங்களுக்கென ஒதுக்கியிருந்த 75 மெகாஹெர்ட்ஸில் கீழ் 45-ஐ வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, 5895 முதல் 5925 வரை மட்டும் வாகனங்களுக்கு மிச்சம் வைத்தது. பழைய அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்தவர்கள் இன்றும் 172-இல் ஆளில்லாத அறையில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பாக்கெட் பிரிகிறது, உடனே கீழேயே விழுகிறது என்றால் பிஎஸ்எஸ்ஐடி புலத்தை (எந்த வைஃபை வலை என்று சொல்லும் எண்) பாருங்கள். இந்த வகை வைஃபையில் அக்சஸ் பாயின்ட்டும் இல்லை, இணைப்பும் இல்லை. அந்தப் புலத்தில் 48 பிட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் ரேடியோ அதை வெளியாள் என்று நினைத்துத் தள்ளிவிடும். பதிவெடுத்து, பாக்கெட்களைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் திறக்கும்போது ஹெக்ஸில் 8947 என்ற ஈதர் வகை (உள்ளே எந்த நெறிமுறை என்று சொல்லும் எண்) தெரிந்தால் அது ஐரோப்பிய ஜியோநெட்வொர்க்கிங் (இடத்தை வைத்துப் பாக்கெட் அனுப்பும் முறை), 88டிசி தெரிந்தால் அமெரிக்க வேவ் முறைச் செய்தி. இரண்டு யூனிட்களும் வெவ்வேறு அடுக்குகளைப் பேசுவது இந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

மேசைமேல் இரண்டு ஆண்டெனாக்களை ஒட்டி வைத்துச் சோதிக்காதீர்கள். ஏற்பி திக்குமுக்காடி எதையும் பிரிக்காது. வெளியே போனால் சரியாக ஓடும். நடுவில் ஓர் அட்டென்யுவேட்டர் (சிக்னலின் வலுவைக் குறைக்கும் கருவி) போடுங்கள், இல்லையென்றால் ஒன்றை அடுத்த அறைக்கு எடுத்துப் போங்கள்.

ஒரு கிளை அறிகுறி: கிட்டத்தட்ட சரியாகப் பாதிச் செய்திகள் மட்டும் வருகின்றன. இது ஐஇஇஇ 1609.4 சொல்லும் மாற்று முறை. 50 மில்லிநொடி கட்டுப்பாட்டுச் சேனல், அடுத்த 50 சேவைச் சேனல் என்று ரேடியோ தாவிக்கொண்டே இருக்கும். அனுப்புபவர் தொடர்ந்து ஒரே சேனலில் இருக்க, கேட்பவர் தாவிக்கொண்டிருந்தால் பாதி போய்விடும்.

பாக்கெட் வருகிறது, எல்லாமே ‘பழையது’ அல்லது ‘எதிர்காலம்’ என்று தள்ளப்படுகிறது

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையொப்பம் சரி, சான்றிதழ் சரி, நேரம் மட்டும் ஒத்துப்போகவில்லை. எத்தனை நொடி வித்தியாசம் என்பதை முதலில் அளந்துவிடுங்கள். வந்த செய்தியின் நேரமுத்திரையிலிருந்து, நம்பகமான கடிகாரத்தின்படி அது வந்து சேர்ந்த நேரத்தைக் கழித்தால் போதும். அந்த எண்ணே பெரும்பாலும் குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடும்.

*5 நொடி.* பாதுகாப்புச் செய்திகளின் நேரம் 2004 ஜனவரி 1 முதல் எண்ணப்படுகிறது, அதுவும் லீப் நொடியையும் (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கும் கூடுதல் நொடி) விடாமல் எண்ணும் டிஏஐ முறையில். 2004-க்குப் பிறகு ஐந்து லீப் நொடிகள் சேர்ந்திருக்கின்றன. கடைசியானது 2016 முடிவில். கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் யுனிக்ஸ் நேரம் லீப் நொடியைக் கணக்கில் எடுப்பதில்லை. யுனிக்ஸ் நேரத்திலிருந்து 1072915200-ஐக் கழித்துவிட்டு வேலை முடிந்தது என்று போனால் உங்கள் செய்தி சரியாக 5 நொடி பழையதாகத் தெரியும். தப்பு கேட்பவர் பக்கம் இருந்தால் சரியாக ஓடும் வண்டியின் செய்தி 5 நொடி எதிர்காலத்தில் தெரியும். ஒரே தப்பை இரண்டு வண்டிகளும் செய்தால்? இரண்டும் சந்தோஷமாகப் பேசிக்கொள்ளும். மூன்றாவதாக வேறொருவர் தயாரித்த யூனிட் வந்து நிற்கும் நாளில்தான் வெளிச்சத்துக்கு வரும். சிமுலேஷனில் இது ஒருபோதும் பிடிபடாததற்கும் காரணம் இதுதான்: அங்கே எல்லோருக்கும் ஒரே கடிகாரம்.

*18 நொடி.* ஜிபிஎஸ் நேரம் உலகப் பொதுநேரமான யுடிசியைவிட 18 நொடி முன்னால் இருக்கிறது. ஜிபிஎஸ் கொடுத்த நேரத்தை யுடிசி என்று எடுத்துக்கொண்டவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

*1 அல்லது 2 நொடி, அதுவும் வண்டியைக் கிளப்பியதும் மட்டும்.* இது கொஞ்சம் தந்திரமானது. லீப் நொடி எத்தனை என்பதைச் செயற்கைக்கோளே தன் வழிகாட்டுச் செய்தியில் சொல்கிறது. அந்தச் செய்தி முழுவதும் ஒரு சுற்று வர 12.5 நிமிடம் ஆகும். அதுவரை ஏற்பி தன் ஃபர்ம்வேரில் பொதிந்த பழைய எண்ணை வைத்துச் சமாளிக்கும். 2015 ஜூலைக்கு முந்தைய ஃபர்ம்வேரில் அந்த எண் 16, அடுத்த ஒன்றரை வருடத்தில் 17, 2017 ஜனவரியிலிருந்து 18. பழைய ஏற்பி உள்ள வண்டி, கிளம்பிய முதல் சில நிமிடங்களில் மட்டும் எல்லோராலும் நிராகரிக்கப்பட்டு, பிறகு தானாகச் சரியாகிவிடும். ‘தானாகச் சரியாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால், கிளம்பி எத்தனை நிமிடத்தில் சரியானது என்று கேளுங்கள். லீப் நொடி உறுதியானது என்று ஏற்பி கொடி காட்டும்வரை கையொப்பமிடாமல் இருப்பதே இதற்கு மருந்து.

*சீரான இடைவெளியில் ஒரு துள்ளல்.* ஐரோப்பிய வண்டிகள் தங்கள் நிலையைச் சொல்ல அடிக்கடி அனுப்பும் கேம் செய்தியில் நேரம் 65,536 மில்லிநொடியின் மீதியாகப் போகிறது, அதாவது 65.5 நொடிக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். அதற்கு இணையான அமெரிக்க பிஎஸ்எம் செய்தியில் நிமிடத்துக்குள் எத்தனை மில்லிநொடி என்று போகிறது. சுற்றித் திரும்பும் இடத்தில் கழித்தலைத் தப்பாகச் செய்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு செய்தி ‘பழையது’ ஆகும், திரையில் வண்டி ஒரு கணம் சிமிட்டும். கைக்கடிகாரத்தை வைத்துச் சிமிட்டலை எண்ணுங்கள். 60-ஆ, 65-ஆ என்று தெரிந்தால் எந்தக் கோப்பைத் திறப்பது என்றும் தெரிந்துவிடும். ஜியோநெட்வொர்க்கிங் தலைப்பில் உள்ள நேரம் 32 பிட். அது சுற்றித் திரும்ப 49.7 நாள். அதை யாரும் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கப் போவதில்லை. கடிகாரத்தை எல்லைக்கு ஒரு நிமிடம் முன்னால் வைத்துச் சோதியுங்கள்.

நேரத்தின் உடன்பிறப்பு இடம். அகலாங்கும் நெட்டாங்கும் செய்திக்குள் ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்கு என்ற அலகில் போகின்றன. கோடிக்குப் பதில் பத்து லட்சத்தால் பெருக்கியவரின் வண்டி வேறு கண்டத்தில் போய் நிற்கும், சான்றிதழில் எழுதிய நிலப்பகுதிக்கு வெளியே என்று தள்ளப்படும். லாக்கில் ‘இடம் எல்லைக்கு வெளியே’ என்ற எண்ணி ஏறினால் தசமப் புள்ளியை எண்ணிப் பாருங்கள்.

கையொப்பம் நிஜமாகவே பொருந்தவில்லை

இது நினைப்பதைவிட அபூர்வம். இசிடிஎஸ்ஏ என்ற கையொப்பக் கணக்கைச் செய்யும் நிரல் நூலகங்கள் நன்றாகச் சோதிக்கப்பட்டவை. அவற்றில் பிழை தேடிப் போகாதீர்கள். எந்த பைட்டுகள் நூலகத்துக்குப் போகின்றன என்று பாருங்கள். வந்த செய்தியைப் பிரித்து, ஆப்ஜெக்ட் ஆக்கி, மறுபடி குறியாக்கம் செய்து அதை ஹாஷ் செய்கிற (பைட்டுகளின் சுருக்கக் கைரேகை எடுக்கிற) வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு விருப்பப் புலம் விட்டுப்போனாலும் ஹாஷ் மாறிவிடும். கம்பியில் வந்த பைட்டுகளையே ஹாஷ் செய்யுங்கள்.

பாக்கெட் ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்குப் போகும் ஒவ்வொரு படியும் ஒரு தாவல். முதல் தாவலில் சரி, இரண்டாம் தாவலில் மட்டும் பொருந்தவில்லை என்றால், நடுவில் இருக்கும் வண்டி கையொப்பத்துக்குள் இருக்கும் எதையோ தொட்டிருக்கிறது. மிச்சத் தாவல் எண்ணிக்கை ஒவ்வொரு தாவலிலும் குறைய வேண்டும் என்பதால் அதைக் கையொப்பத்துக்கு வெளியே அடிப்படைத் தலைப்பில் வைத்திருக்கிறார்கள். மற்றதைத் தொடக்கூடாது. இரண்டு தாவலின் பதிவுகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் பிடிபடும்.

புதிதாக வரும் வண்டி ஒரு நொடி தாமதமாகத் தெரிகிறது

இது பல சமயம் பழுதே இல்லை. ஒவ்வொரு செய்தியிலும் முழுச் சான்றிதழை ஒட்டினால் இடம் தாங்காது என்பதால், பெரும்பாலான செய்திகளில் சான்றிதழின் 8 பைட் ஹாஷ் மட்டும் போகிறது. முழுச் சான்றிதழ் கேமில் நொடிக்கு ஒருமுறை, பிஎஸ்எம்மில் ஏறக்குறைய அரை நொடிக்கு ஒருமுறை. அதுவரை கேட்பவருக்கு அந்த 8 பைட் யாருடையது என்று தெரியாது, ‘சான்றிதழ் தெரியவில்லை’ எண்ணி ஏறும்.

ஒரு நொடியைத் தாண்டித் தாமதம் நீண்டால்தான் கவலை. ஐரோப்பிய முறையில், தெரியாத ஹாஷுடன் ஒரு கேம் வந்தால், கேட்டவர் தன் அடுத்த கேமில் தன் முழுச் சான்றிதழையும் வைத்து அனுப்ப வேண்டும். இந்த மரியாதை இரு பக்கமும் வேலை செய்கிறதா என்று பதிவில் பாருங்கள். வண்டியின் சான்றிதழ் வந்துவிட்டது, அதை வழங்கிய அதிகாரத்தின் சான்றிதழ்தான் இல்லை என்றால், 3 பைட் ஹாஷை வைத்து அக்கம்பக்கத்து வண்டிகளிடம் கேட்டு வாங்கும் வழி இருக்கிறது. அது அணைந்திருந்தால் வேறு அதிகாரத்தின் கீழ் வரும் வண்டிகள் கடைசிவரை தெரியவே தெரியாது. ஒரு குறிப்பிட்ட தயாரிப்பாளரின் வண்டிகள் மட்டும் தெரியவில்லை என்ற புகார் வந்தால் நேராக இங்கே வாருங்கள்.

வண்டி தெரிகிறது, சாதாரணச் செய்தி ஏற்கப்படுகிறது, அபாய அறிவிப்பு மட்டும் தள்ளப்படுகிறது என்றால் அது அனுமதிப் பிரச்சினை. சான்றிதழுக்குள் சேவை எண்கள் பட்டியல் இருக்கும். கேமுக்கு 36, அபாய அறிவிப்பான டெனமுக்கு 37. 37 இல்லாத சான்றிதழால் டெனம் கையொப்பமிட முடியாது. சான்றிதழைத் திரும்ப வாங்க வேண்டியதுதான்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்து வண்டி இரண்டாகிறது

ஒரே வண்டி பல நாள் ஒரே அடையாளத்தோடு போனால் யாரும் அதைப் பின்தொடரலாம். அதனால் வண்டிகள் புனைபெயர்ச் சான்றிதழ்களை மாற்றிக்கொண்டே போகும். அமெரிக்காவின் சான்றிதழ் வழங்கும் அமைப்பான எஸ்சிஎம்எஸ் வடிவமைப்பில் வாரத்துக்கு 20 சான்றிதழ், 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம்.

மாறும்போது மேக் முகவரி (ரேடியோவின் முகவரி), நிலைய எண் (செய்திக்குள் இருக்கும் வண்டியின் எண்), ரவுட்டிங் முகவரி, வரிசை எண் எல்லாம் ஒரே நொடியில் சேர்ந்து மாற வேண்டும். கேட்பவர் பட்டியலில் பழைய பெயர் காலாவதியாகும்வரை அப்படியே இருக்கும், புதுப் பெயர் பக்கத்தில் உட்காரும். திரையில் இரண்டு வண்டிகள், ஒன்றின்மேல் ஒன்று. மோதல் எச்சரிக்கை அடிக்கும். செயலியில் பழைய பொருளை ஒரு நொடிக்குமேல் புதுப்பிக்காவிட்டால் மங்கச் செய்து விலக்குங்கள்.

இதைவிட மோசமானது, மேக் மாறி நிலைய எண் மாறாமல் இருப்பது. செயலிக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஆனால் புனைபெயரின் அர்த்தமே போய்விட்டது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நொடிப் பதிவை எடுத்து, இரண்டிலும் பொதுவாக ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று தேடுங்கள். தொடர்ந்து ஓடும் செய்தி எண்ணியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மாற்றத்தின்போது தனி முகவரிக்கு வந்துகொண்டிருந்த பாக்கெட்கள் தொலையும். பழைய மேக்கையும் சில நொடி கேட்டுக்கொண்டிருந்தால் என்ன என்று தோன்றும். கேட்டால் வைஃபை சிப் தானாக ஏசிகே (‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை) அனுப்பும், அந்த ஏசிகே பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே வண்டி என்று காட்டிக்கொடுத்துவிடும். போனது போகட்டும், மேலடுக்கு திரும்ப அனுப்பட்டும் என்பதே என் வழக்கம்.

கூட்டம் சேர்ந்தால் எல்லாம் தாமதம்

கூட்டத்தில் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒரே மாதிரித் தெரியும்: காற்று நிரம்புவது, அல்லது சரிபார்ப்பு வரிசை நிரம்புவது.

காற்றுக்கு ஒரு கணக்கு. கையொப்பம், சான்றிதழ் எல்லாம் சேர்த்து 400 பைட் செய்தி, 6 மெகாபிட் வேகம். 10 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஒரு ஓஎஃப்டிஎம் குறியீடு (வைஃபை ஒரே தடவையில் அனுப்பும் பிட் கட்டு) 8 மைக்ரோநொடி எடுத்து 48 பிட் சுமக்கும். 3,200 பிட்டுக்கும் சில்லறைக்கும் 68 குறியீடு, அதாவது 544 மைக்ரோநொடி. முன்னொட்டுக்கு 40 சேர்த்தால் ஏறக்குறைய 0.58 மில்லிநொடி. நூறு வண்டி, ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்து என்றால், ஒரு நொடியில் 0.58 நொடி காற்று போய்விட்டது. இருநூறு வண்டிக்கு நொடியே போதாது. எல்லோருக்கும் அனுப்பும் செய்திக்கு ஏசிகே கிடையாது, மோதினால் யாருக்கும் தெரியாது, திரும்ப அனுப்புவதும் இல்லை. அதனால்தான் நெரிசல் கட்டுப்பாடு அனுப்பும் வேகத்தைக் குறைக்கிறது.

சேனல் பிஸி விகிதம் அறுபது சதவீதத்தைத் தாண்டி நின்றால் தாமதம் காற்றில். விகிதம் குறைவாக இருந்தும் தாமதம் என்றால் வரிசையில். மேலே சொன்ன நூறு வண்டிகள் நொடிக்கு ஆயிரம் கையொப்பங்களைக் கொண்டுவந்து கொட்டும். வன்பொருள் உதவியில்லாத சின்னச் செயலிக்கு அது தாங்காது. வரிசை நீளத்தையும், ஒரு செய்தி அதில் காத்திருந்த நேரத்தையும் லாக்கில் எழுதுங்கள். காத்திருந்து காத்திருந்து செய்தி ‘பழையது’ ஆகித் தள்ளப்படுவதையும் பார்க்கலாம். நேரக் கோளாறு என்று ஏமாந்துவிட வேண்டாம். அங்கே வித்தியாசம் நிலையாக இருக்கும், இங்கே கூட்டத்தோடு ஏறும் இறங்கும். பக்கத்தில் இருப்பவர், எதிரே வருபவர் செய்திகளை முதலில் சரிபார்ப்பது நல்ல தீர்வு. வந்த வரிசையிலேயே சரிபார்ப்பது மோசமான தீர்வு.

கூட்டமே இல்லாமல் காற்று நிரம்பினால் நின்றுகொண்டிருக்கும் வண்டிகளைப் பாருங்கள். கேம் விதிப்படி திசை 4 டிகிரி, இடம் 4 மீட்டர், வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் ஆகியவற்றில் ஒன்று மாறினால் புதுச் செய்தி போகும். ஒன்றும் மாறாவிட்டால் நொடிக்கு ஒன்று. நிற்கும் வண்டியில் ஜிபிஎஸ் சொல்லும் திசை தட்டாமாலை சுற்றும். பார்க்கிங்கில் தூங்கும் வண்டி நொடிக்குப் பத்து செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். வேகம் மிகக் குறைந்ததும் கடைசித் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வண்டி மட்டும் ஒரு நொடி மறைந்து திரும்புகிறது

செல்லுலார் வகை என்றால் மட்டும் இது. அடிப்படை நிலையம் இல்லாமல் ஓடும் முறையில் ஒவ்வொரு வண்டியும் தனக்கு ஓர் இடத்தைத் தேர்ந்து, 100 மில்லிநொடி இடைவெளி என்றால் 5 முதல் 15 முறை அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். இரண்டு வண்டிகள் தற்செயலாக ஒரே இடத்தைப் பிடித்தால் அரை நொடி முதல் ஒன்றரை நொடிவரை ஒன்றையொன்று மிதித்துக்கொண்டே இருக்கும். அனுப்பும்போது கேட்க முடியாது என்பதால் இருவருக்கும் அது தெரியாது. மூன்றாவது வண்டியின் பதிவில்தான் தெரியும்.

ஒரு தாவல் சரி, பல தாவல் போனால் பாக்கெட் தொலைகிறது

முதலில் எந்த ரவுட்டிங் என்று பாருங்கள். ஏஓடிவி போல, தேவை வந்ததும் முழு வழியையும் தேடிப் போட்டுவைத்து, பிறகு அதிலேயே பாக்கெட்டை அனுப்பும் முறையாக இருந்தால், சமயத்தில் பழுது பார்ப்பதே வீண். இரண்டு வண்டிகள் எதிரெதிரே நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வருகின்றன, ரேடியோ எட்டும் தூரம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை பேசிக்கொள்ள மொத்தமே 10 நொடி. ஏஓடிவி தன் இயல்பான அமைப்பில் நொடிக்கு ஒரு ஹலோ அனுப்பி, இரண்டு தவறினால்தான் அண்டை வண்டி போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளும். அதற்குள் 120 மீட்டர் விலகியாயிற்று. ஒரே திசையில் சேர்ந்து போகும் வண்டிகளுக்கு அது ஓடும், எதிர்த்திசைக்கு ஓடாது. அமைப்பு எண்களைத் திருகி அதைச் சரிசெய்தவரை நான் பார்த்ததில்லை.

இடத்தை வைத்து அனுப்பும் முறையில் கோளாறு வேறு மாதிரி. இலக்குக்கு மிக அருகில் இருக்கும் அண்டை வண்டிக்குத் தள்ளுவது அதன் விதி. அந்த வண்டிதான் உங்களிடமிருந்து மிகத் தொலைவில் இருப்பதும், முதலில் எட்டாமல் போவதும். ஜியோநெட்வொர்க்கிங்கில் அண்டைப் பட்டியல் பதிவுக்கு இயல்பான ஆயுள் 20 நொடி. மேலே சொன்ன எதிர்த்திசை வேகத்தில் 20 நொடிக்குள் 1,200 மீட்டர். அதாவது பட்டியலில் இருக்கும் ‘மிகச் சிறந்த’ அண்டை வண்டி எப்போதோ போய்விட்டது, பாக்கெட் காற்றுக்குப் போகிறது. அறிகுறி: தனி முகவரி மறுமுயற்சி எண்ணி கிடுகிடுவென ஏறும். ஒன்றிரண்டு நொடிக்குமேல் பழைய பதிவைத் தேர்வில் சேர்க்காதீர்கள், வேகத்தை வைத்து இப்போது எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு எடுங்கள்.

கேட்டவர்களே போட்டிபோட்டு முன்னனுப்பும் முறையில் அண்டைப் பட்டியல் தேவையில்லை. தொலைவில் இருப்பவரின் டைமர் முதலில் அடிக்கும், மற்றவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் நகலைக் கைவிடுவார்கள். இயல்பான எண்கள்: 1000 மீட்டரில் 1 மில்லிநொடி, பூஜ்ய மீட்டரில் 100. நிஜத்தில் உங்கள் ரேடியோ 300 மீட்டர்தான் எட்டும் என்றால் மிகத் தொலைவில் இருப்பவரே 70 மில்லிநொடி காத்திருப்பார், ஒவ்வொரு தாவலிலும். அதிகபட்சத் தூரத்தை நிஜத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

அதே முறையில் ஒரே பாக்கெட் பல நகலாகப் பறந்தால், டைமர் முடிந்த பாக்கெட் நெரிசல் கட்டுப்பாட்டு வரிசையில் போய் மறுபடி காத்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போன பிறகு அடுத்தவர் அனுப்பியதைக் கேட்டாலும் அதைக் கைவிட ஆளில்லை. கைவிடும் உரிமை அந்த வரிசைவரை நீள வேண்டும்.

ஒரு வண்டி எல்லாவற்றையும் விழுங்குகிறது

அதன் கைக்குப் போகும் பாக்கெட் எதுவும் வெளியே வருவதில்லை. தாக்குதலாகவும் இருக்கலாம். ஏஓடிவியில் பெரிய வரிசை எண்ணோடு ‘என்னிடம் புது வழி இருக்கிறது’ என்று பதில் சொல்பவர், இட ரவுட்டிங்கில் தான் இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொல்பவர், இருவருமே செல்லுபடியாகும் சான்றிதழோடு இதைச் செய்ய முடியும். கையொப்பம் யார் சொன்னார் என்று உறுதிசெய்யும், சொன்னது உண்மையா என்று அல்ல. ஒரு வாரத்துக்குக் கொடுத்த அந்த 20 சான்றிதழ்களையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஒருவரே இருபது வண்டியாகவும் தெரியலாம். மிச்சத் தாவல் எண்ணிக்கை கையொப்பத்துக்கு வெளியே இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? அதை 1 ஆக்கித் திரும்ப ஒலிபரப்பினால் நகல் வந்துவிட்டது என்று மற்றவர்கள் தங்கள் டைமரை அணைத்துவிடுவார்கள், பாக்கெட் அங்கேயே சாகும். எண்ணிக்கை ஒரேயடியாகச் சரிந்த நகலைக் கேட்டுக் கைவிடாமல் இருப்பது எளிய தடுப்பு.

பொய் இடத்தைப் பிடிக்க எளிய கேள்விகள் போதும். ரேடியோ எட்டாத தூரத்தில் இருப்பதாகச் சொல்கிறதா? இரண்டு செய்திக்கு இடையில் நடக்க முடியாத அளவு நகர்ந்திருக்கிறதா? முதல்முறை தெரியும்போதே நடு ரோட்டில், பக்கத்தில், எங்கிருந்தும் வராமல் தோன்றியதா? சந்தேகம் வந்தால் மூலப் பாக்கெட்களைச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பிரித்து எழுதிய லாக் வரியை வைத்துப் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

ஆனால் தாக்குதல் என்று அறிவிப்பதற்கு முன் உங்கள் சொந்த அறையைப் பாருங்கள். ஒருமுறை எங்கள் சோதனைத் தடத்தில் பல தாவல் பாக்கெட்கள் எல்லாம் ஒரே மூலையில் போய் மறைந்தன. அண்டைப் பட்டியலில் அந்த மூலையில் ஏழு வண்டிகள் இருந்தன, கண்ணுக்கு ஒன்றுமில்லை. பாதுகாப்பு அடுக்கின் ‘பழையது’ எண்ணி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது, வித்தியாசம் ஒரு நாளை ஒட்டி. முந்தைய நாள் பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வைத்திருந்த கணினியை யாரோ ஆண்டெனாவோடு சேர்த்து அணைக்காமல் போயிருந்தார்கள். கையொப்பம் எல்லாம் அசல், நேரம் மட்டும் நேற்று. சரிபார்ப்பு அவற்றைச் சரியாகவே தள்ளியது. ஆனால் எங்கள் ரவுட்டிங் நிரல், பாக்கெட் சரிபார்ப்புக்குப் போகும் முன்பே அனுப்பியவரை அண்டைப் பட்டியலில் எழுதி வைத்துவிட்டது. நேற்றைய புனைபெயர்கள் என்பதால் எல்லாமே புது ஆட்களாகத் தெரிந்தன. பட்டியலில் எழுதும் அந்த ஒரு அழைப்பைச் சரிபார்ப்புக்குக் கீழே நகர்த்தியதும் ஏழு வண்டிகளும் மறைந்தன. கணினியை அதற்குப் பிறகுதான் அணைத்தோம்.